வாய்ப்பூட்டும் ஆறு வாரத்து ஊசியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மறதியும் உண்டு. நடந்ததை முன்னே பின்னே மாற்றிச் சொன்னாலும் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னைப் பார்த்த டாக்டரம்மா, "நீங்க பேசுறதைவிட எழுதுறது நல்லா இருக்கும்மா, நடந்ததை எழுதி வைங்க" என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் அவரிடம் பேசியதே மொத்தம் பத்துப் பதினைந்து வார்த்தைதான் இருக்கும். அதனால் அந்தப் பாராட்டை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியும் முன் போய் மொட்டு எடுக்க வேண்டும், வேன் வருவதற்குள் கட்டிக் கொடுக்க வேண்டும். மல்லிகைச் செடியோடு பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்குப் பொருத்தம்.

என் வீட்டுக்காரர் நேர்மாறு. இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் பேசிவிடுவார். சாமி கிடையாது என்பவர். ஒரு காலத்தில் கறுப்புச் சட்டைதான் போடுவார். சட்டை சாயம் போய்விட்டது, கொள்கை போகவில்லை. நான் கோயிலுக்குப் போவதைத் தடுத்ததில்லை. போய்விட்டு வந்ததும், "என்ன, சவுரியமா இருக்காகளா ஒங்காத்தா?" என்று கேட்பார். அம்புட்டுத்தான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அவர் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அவர் வலியில்கூட அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் எங்கள் பிறந்த ஊர் அம்மனிடம், "இந்த மனுசன் எந்திரிச்சு நடந்துட்டா வாய்ப்பூட்டுப் போட்டுக்கிறேன்" என்று வேண்டினேன்.

வாய்ப்பூட்டு என்றால் நாக்கில் சின்ன வேல் குத்திக்கொள்வது. குத்தினது முதல் கோயிலைச் சுற்றி வந்து எடுக்கிற வரைக்கும் பேசக் கூடாது, பேசவும் முடியாது. ஏன் அதை வேண்டினேன் என்று பிறகு பலபேர் கேட்டார்கள். தீச்சட்டி எடுத்தால் ஊரே நம்மைப் பார்க்கும். முளைப்பாரி என்றால் கும்மியில் குரல் கொடுக்க வேண்டும். மாவிளக்கு ஒரு இடுப்புக்குக் காணாது. வாய்ப்பூட்டுப் போட்டவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் காரணம்.

மதுரையில் இடுப்புக்குக் கம்பி வைத்தார்கள். ஆறு மாதத்தில் நடந்தார், ஒரு வருசத்தில் மறுபடி பைக் ஓட்டினார். நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டியதுதானே. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் அண்ணன் வீட்டில் திருவிழா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய் இல்லை, திருவிழாதான். புது வேல் நானே வாங்கிப் போனேன். திருநீறு வைத்து நாக்கில் இறக்கினார்கள். வலித்ததா என்றால் வலித்தது. ஆனால் கூட்டத்தில் நான் நிம்மதியாக இருந்த நாள் அது ஒன்றுதான். யாரும் நலம் விசாரிக்கவில்லை. மருமகள் எப்படி, மழை எப்படி என்று ஒரு கேள்வியும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நாலு நாள் நாக்கு வீங்கியிருந்தது. என் பேச்சு குழறுவதை அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் பேசுவதே அபூர்வம், அதில் குழறல் வேறு.

"என்ன நாக்குல?"

"சுண்ணாம்பு கூடிருச்சு, வெந்துருச்சு" என்றேன்.

அன்றைக்கே சுண்ணாம்பு டப்பாவை எடுத்து எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார். தினமும் வெற்றிலைக்குக் கடுகளவு அவரே தடவிக் கொடுத்தார். பொய்யைச் சொன்னவள் தின்றுதானே ஆக வேண்டும். தின்றேன்.

மூன்று வாரம் போயிருக்கும். பொழுது சாய்ந்தால் காய்ச்சல் வந்தது. விடிந்தால் போய்விடும். மருந்துக் கடையில் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் மூன்று நிற மாத்திரையைப் பேப்பரில் மடித்துத் தருவார்கள். வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. மூன்று நாள் தின்றேன், காய்ச்சல் விட்டது. ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி வாங்கித் தின்றேன். இப்படி மூன்று தடவை. அவருக்குத் தெரியாமல்தான். தெரிந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவார், அங்கே வாயைத் திறக்கச் சொல்வார்கள்.

உடம்பு வற்றிப்போனது. ரவிக்கை எல்லாம் அடுத்தவள் ரவிக்கை போல ஆனது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் பூ எடுக்கும்போது விரல் நுனியில் சுருக்கென்றது. பார்த்தால் சிவப்பாக ஒரு சின்ன கட்டி. அடுத்த விரலிலும் ஒன்று. முள் ஏறிவிட்டது என்று ஊசியால் தோண்டிப் பார்த்தேன், முள் இல்லை. பிறகுதான் நினைப்பு வந்தது, மல்லிகைச் செடியில் முள்ளே கிடையாது. நாற்பது வருசமாக அதே செடியைத் தொடுகிறவள் இதைத் தோண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மொட்டைக் கிள்ள முடியாமல் கூடை பாதியிலேயே நின்றதும் அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "என்ன இம்புட்டு சூடு?" என்றார். அன்றைக்கே திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். குழாயை நெஞ்சில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. என்னிடம் முதலில் கேட்டது, "சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

வந்தது. ஒரு முட்டி வீங்கி வற்றும், அடுத்தது வீங்கும். அஞ்சாம் வகுப்பில் மூன்று மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு போகக் கூச்சமாக இருந்தது, நின்றுவிட்டேன். இதெல்லாம் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பவே இதயத்துல ஒரு வால்வு கெட்டுருக்கு. உங்களுக்குத் தெரியாமலே இத்தனை வருசம் ஓடியிருக்கு" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். அந்த வால்வின் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டு ஆடுகிறதாம். ரத்தத்தில் போன கிருமி, கெட்டுப்போன இடமாகப் பார்த்து உட்கார்ந்து வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து துணுக்கு தெறித்து விரல் வரைக்கும் வந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் கேட்டார், "வால்வுன்னா, கெணத்துல போடுற ஃபுட்வால்வு மாதிரியா டாக்டர்?"

"கிட்டத்தட்ட அதேதான். ஒரு பக்கம்தான் விடணும். இது சரியா மூடலை, திரும்ப ஒழுகுது."

"அப்ப கழட்டிக் கழுவி மாட்டிற வேண்டியதுதான?"

"அதுக்குப் பேருதான் ஆபரேஷன். அது வேணாம்னுதான் முதல்ல ஊசியில பாக்கப் போறோம்."

ஊசி போடும் முன் ரத்தம் எடுத்தார்கள். மூன்று தடவை, வேறு வேறு இடத்தில் குத்தி, தனித்தனி பாட்டிலில். பாட்டிலுக்குள் கிருமி வளர்ந்தால் அது என்ன கிருமி என்று தெரியும், அதற்கு ஏற்ற மருந்து கொடுக்கலாம். பிறகு டாக்டரம்மா கேட்டார், "சமீபத்துல பல் பிடுங்குனீங்களா? வாயில ஏதாவது காயம்? வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார், "பல்லா? இவ முறுக்கை உரல்ல இடிக்காமத் திங்கிறவ டாக்டர். கடவாய்ப் பல்லு ரெண்டு சொத்தை, பிடுங்குனதில்லை. மாத்திரையே திங்க மாட்டா. தலைவலிக்குக்கூட சுக்குதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அஞ்சு நாள் ஊசி ஏறியது. அஞ்சு நாளும் பொழுது சாய்ந்தால் காய்ச்சல் வந்தது. பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை. டாக்டரம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்து சொன்னார், "கிருமி எதுன்னு தெரியாம குத்துமதிப்பாத்தான் மருந்து போடுறேன்மா. தோட்ட வேலை பாக்குறீங்க, தோல் வழியாப் போயிருக்கும்னு நெனைச்சு ஊசி போடுறேன். இன்னும் ஒரு வாரத்துல அடங்கலைன்னா மதுரைக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்துதான் பாக்கணும். இப்ப இருக்குற உடம்புக்கு அது சுலபம் இல்லை. நல்லா யோசிச்சுப் பாருங்க, ஏதாவது விட்டுப்போச்சா?"

என் வீட்டுக்காரர் சொன்னார், "யோசிக்க என்ன இருக்கு டாக்டர், எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கெடையாது."

எனக்குச் சாவதற்குப் பயம் இருந்தது. அவரிடம் சொல்வதற்கும் பயம் இருந்தது. இரண்டில் எது பெரிசு என்று எனக்கு அன்றைக்கு முடிவாகவில்லை. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் தொப்பம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தி இருந்தாள். சர்க்கரைப் புண்ணுக்கு வந்தவள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள், என்னைவிட நூறு மடங்கு பேச்சு. என் வீட்டுக்காரரும் அவளும் பேச ஆரம்பித்தால் நர்ஸம்மா வந்து அதட்ட வேண்டும். மறுநாள் அவர் டீ வாங்கப் போயிருந்தார். நான் கஞ்சி குடித்துவிட்டு நாக்கால் உதட்டைத் துடைத்தேன். அவள் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, நாக்குல அலகு குத்துனீங்களாக்கும்?"

எனக்குக் கஞ்சி புரையேறியது.

"நானும் குத்தியிருக்கேனுங்க, பழனிக்கு. அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதுங்களா? எப்பக் குத்துனீங்க?"

"வைகாசி" என்றேன். பொய் சொல்ல நேரம் இல்லை.

"காய்ச்சலு எப்ப வந்துச்சுங்க?"

"ஆனி."

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அந்த டாக்டருப் புள்ள, வாயில ஏதாச்சும் காயமான்னு தெனமும் கேக்குது. நீங்க மாடு மாதிரித் தலையாட்டிட்டு இருக்கறீங்க. சொல்லீருங்கக்கா."

"அவருக்குத் தெரியாது."

"நெஞ்சைப் பொளந்தா மட்டும் தெரியாமப் போயிருங்களா? நாளைக்குள்ள நீங்க சொல்லலீன்னா நாஞ் சொல்லிப்போடுவேனுங்க. உங்க வீட்டுக்காரருகிட்டயே சொல்லிப்போடுவேன்."

சொல்லக்கூடியவள்தான். நர்ஸம்மாவிடம் பேனா கேட்டேன். பேனா கேட்பதற்கே செத்த நேரம் ஆனது. ஊசி மருந்து வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து உள்பக்கம் எழுதினேன். வலது கையில் ஊசிக் குழாய் ஒட்டியிருந்ததால் எழுத்து கோணல். எழுதினது இதுதான்: "டாக்டரம்மாவுக்கு. பல் பிடுங்கவில்லை. வைகாசியில் நாக்கில் வேல் குத்தினேன். நாலு நாள் வீங்கியது. மருந்துக் கடையில் மூன்று தடவை காய்ச்சல் மாத்திரை வாங்கித் தின்றேன். கடைசியாக இங்கே வருவதற்கு இரண்டு நாள் முன்பு வரை தின்றேன். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம். தப்பாக நினைக்க வேண்டாம்."

காலையில் டாக்டரம்மா வந்ததும் போர்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன். அவர் நின்றபடி படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"என்ன சீட்டு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாப்பாட்டுல உப்புக் கூடன்னு எழுதியிருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "ஐயா, நீங்க கீழ போய் அந்த ஸ்கேன் பேப்பரை வாங்கிட்டு வாங்க."

அவர் போனதும் எனக்கு நல்ல வசவு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வசவு வரவில்லை. "அதான் பாட்டில்ல ஒண்ணும் வளரலை. கடை மாத்திரை கிருமியை அரைகுறையா மயக்கிருச்சு. அது சாகவும் இல்லை, வளரவும் இல்லை" என்றார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

"சாமி கோவமா டாக்டர்?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எல்லாரு வாயிலயும் கிருமி இருக்கு. காயம் பட்டா ரத்தத்துக்குள்ள போகும். மத்தவங்களுக்கு அது பாட்டுக்குச் செத்துரும். உங்களுக்கு உள்ள உக்கார எடம் இருந்துச்சு. வேல் வழியாவும் போயிருக்கலாம், அந்தச் சொத்தைப் பல் வழியாவும் போயிருக்கலாம். வேல்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

எனக்கு அந்தச் சொத்தைப் பல்லின் மேல் அன்றைக்கு ஒரு மரியாதை வந்தது.

மருந்தை மாற்றினார்கள். வாயில் இருக்கிற கிருமிக்கு ஏற்ற மருந்து ஒன்று, அதோடு துணைக்கு இன்னொன்று. நாலாம் நாள் பொழுது சாய்ந்தது, காய்ச்சல் வரவில்லை. நான் விளக்குப் போட்ட பிறகும் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. மறுபடி எடுத்த ரத்தத்திலும் கிருமி வளரவில்லை. அது கடைசி வரைக்கும் யாருக்கும் முகம் காட்டவே இல்லை. என்னைப் போலக் கூச்சம் போலிருக்கிறது.

ஒரு வாரம் காய்ச்சல் இல்லை என்றதும் என் வீட்டுக்காரர் பையைக் கட்டினார். "காய்ச்சல்தான் போயிருச்சே டாக்டர், பூ அம்புட்டும் செடியில விரிஞ்சு போகுது."

"ஆறு வாரம் முடியாம அனுப்ப மாட்டேன். வால்வுக்குன்னு தனியா ரத்த ஓட்டம் கெடையாது. அது மேல வளந்திருக்கிறது அடுக்கடுக்கா இருக்கு, கிருமி நடுவுல ஒளிஞ்சிருக்கு. மேல இருக்கிறது செத்ததும் காய்ச்சல் விட்டுரும். உள்ள இருக்கிறது சாகணும்ல?"

என் வீட்டுக்காரர் பை முடிச்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "மொட்டுப்புழு" என்றார்.

"என்ன?"

"மல்லியில மொட்டுப்புழுன்னு ஒண்ணு உண்டு டாக்டர். மொட்டுக்குள்ள உக்காந்துருக்கும். மேல மருந்து அடிச்சா செடி சுத்தமாத் தெரியும். நம்பி விட்டோம்னா அடுத்த வாரம் தோட்டமே போயிரும். விடாம அடிக்கணும்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா.

பையை அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து வார்டில் யாராவது வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தால் மொட்டுப்புழுவைப் பற்றி அரை மணி நேரம் சொல்லுவார். சர்க்கரைப் புண்ணுக்கும் சொன்னார். தொப்பம்பட்டி அம்மா சீக்கிரம் குணமாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆறு வாரத்தில் என் கையில் குத்த நரம்பு இல்லாமல் போனது. மூன்று நாளைக்கொரு முறை ஊசிக் குழாயை இடம் மாற்றுவார்கள். புறங்கை, முழங்கை, மறுபடி புறங்கை. துணைக்குக் கொடுத்த ஊசி காதைப் பாதிக்கக் கூடியது என்பதால் நர்ஸம்மா தினமும், "காது நல்லாக் கேக்குதாம்மா?" என்று கேட்பார். என் வீட்டுக்காரர் பேசுவது முழுக்கக் கேட்டது. கேட்கிறது என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் உண்மையானது.

கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். வால்வின் மேல் ஆடியது சுருங்கி, தழும்பு மாதிரி ஒட்டிக்கிடக்கிறது என்றார்கள். வால்வு கொஞ்சம் ஒழுகும், ஆனால் இப்போதைக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. டாக்டரம்மா ஒரு தாளில் தமிழில் எழுதி என் கையில் கொடுத்தார். "வீட்டுல இன்னொருத்தருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்மா. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

நிலக்கோட்டை பஸ்ஸில் அவர் அந்தத் தாளைக் கேட்டார். எந்தத் தாளையும் சத்தமாகத்தான் படிப்பார். "பல் பிடுங்கும் முன் இங்கே வந்து மாத்திரை வாங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்காமல் முதலில் இங்கே வர வேண்டும். நாக்கு, கன்னம் குத்தக் கூடாது." நிறுத்தினார். "இதென்ன, எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுறாகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தலை ஆடத் தயாராகத்தான் இருந்தது. ஆறு வாரமாகப் படுத்துக் கிடந்தது எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது.

"இல்ல. எனக்குத்தான்" என்றேன். "வைகாசியில குத்துனேன். நாக்குல."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"என் இடுப்புக்கா?"

"ஆமா."

"இடுப்பைச் சரிபண்ணுனது கம்பி வச்ச டாக்டரு."

"தெரியும். அவரு வாரதுக்கு முன்னாடியே வேண்டிட்டேன்."

"சுண்ணாம்புன்னு சொன்ன."

"ஆமா."

"வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு."

தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இறங்க வேண்டிய இடம் வந்தபோது அவர் நிறுத்தச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். நான்தான் "நிறுத்துங்க" என்றேன். கண்டக்டருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது.

ஒரு மாதம் கழித்து மறுபடி காட்டப் போனோம். டாக்டரம்மா, "எப்படி இருக்காங்க?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார், பழக்கம். அவர் வாயைத் திறந்தார். பிறகு, "அவகிட்டயே கேளுங்க" என்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு வார் பதிகிறது, குனிந்து பூ எடுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொன்னேன். அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். அந்தச் சொத்தைப் பல் இரண்டையும் முன்னால் மாத்திரை கொடுத்துப் பிடுங்கினார்கள். காய்ச்சல் வரவில்லை. சுண்ணாம்பு டப்பா கீழே இறங்கிவிட்டது. ஆனால் பல்லுக்காக டாக்டரம்மா வெற்றிலையையே விடச் சொல்லிவிட்டார்.

இதை யாராவது படித்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். பாட்டிலில் ரத்தம் எடுத்தது மூன்று தடவையா நாலு தடவையா, காதைப் பாதிக்கும் ஊசி போட்டது இரண்டு வாரமா கூடவா, எனக்கு நிச்சயம் இல்லை. டாக்டரம்மாவிடம் என் ஆஸ்பத்திரி நோட்டு இருக்கிறது, அதைப் பார்த்துத் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். இடுப்பு உடைந்தது ஐப்பசியா கார்த்திகையா என்பதை மட்டும் என் வீட்டுக்காரரிடம் கேட்கலாம். மற்றதை அவரிடம் கேட்க வேண்டாம், என்னிடம் கேளுங்கள். செத்த நேரம் ஆகும், சொல்லிவிடுவேன்.